கதவுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

புனேக்குப் பக்கத்தில் எங்கள் ஆகுர்டியில் பருவமழை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குளியலறைக்குள் போய்க் கதவை அழுத்திச் சாத்துங்கள். பிறகு திறந்துகொண்டு வெளியே வரப் பாருங்கள். வந்துவிட்டீர்கள் என்றால் இன்னும் வெயில்காலம்தான். உள்ளேயிருந்து வீட்டாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட நேர்ந்தால் மழை தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் வானிலைத் துறை எங்களுக்கு அந்நியம் இல்லை. இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லாவை விட்டுப் புனேக்குத்தான் குடிவந்தது. தலைமை அப்புறம் டெல்லிக்குப் போய்விட்டாலும் சிவாஜிநகரில் அந்தக் கட்டடம் நிற்கிறது; இன்றைக்கும் அந்த இடத்துக்கு சிம்லா ஆபீஸ் என்றுதான் பெயர். ஆகுர்டி ஸ்டேஷனில் லோனாவ்ளாவிலிருந்து வரும் லோக்கலைப் பிடித்தால் அரை மணியில் போய்விடலாம். ஆனாலும் எங்கள் மாடியில் யாரும் அங்கிருந்து வரும் அறிவிப்பை நம்பிக் குடை எடுப்பதில்லை. எதிர்வீட்டு மராட்டிய மாமி, நாங்கள் காகூ என்று கூப்பிடுபவர், படிக்கட்டில் நின்று "தார் ஃபுகலம்!" என்று ஒரு குரல் கொடுப்பார். கதவு உப்பிவிட்டதாம். அந்த நிமிடமே நாலு வீட்டுப் பரணிலிருந்தும் குடைகள் இறங்கும்.

புதுக் கட்டடக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு, நிலைக்குக் கிரானைட் கல். மழை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எங்கள் கட்டடம் மரத்தை மரம் என்று நம்பிக் கட்டிய காலத்தது.

நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் ஊரிலும் மழை உண்டு, கதவும் உண்டு. ஆனால் இப்படி ஒரு கதவு வருடத்துக்கு இரண்டு அளவில் இருந்து நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. காவிரிக் கரையில் காற்று பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். அங்கே ஒரு கதவு எவ்வளவு உப்ப வேண்டுமோ அவ்வளவு உப்பிவிட்டு, அதுதான் தன் அளவு என்று ஒப்புக்கொண்டு காலம் தள்ளும். ஆகுர்டியில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். உதடு வெடிக்கும், அப்பளம் மொட்டை மாடிக்குப் போகாமலே காயும். அதே ஆகஸ்டில் காலை நேரத்து ஈரப்பதம் 90-ஐத் தொடும். துவைத்த பனியன் மூன்று நாள் கொடியிலேயே குடியிருக்கும். ரயில் பாதையில் ஒரு பக்கம் போனால் லோனாவ்ளா, வருடத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இன்னொரு பக்கம் போனால் புனே, சுமார் 700 மில்லிமீட்டர். நடுவில் ஆகுர்டி. எந்தப் பக்கம் சேர்வது என்று ஊரே தீர்மானிக்காதபோது கதவு மட்டும் எப்படித் தீர்மானிக்கும்?

மரத்தின் குணம் அப்படி. வெட்டி, அறுத்து, உலர்த்தி, ஆணி அடித்து, கீல் மாட்டின பிறகும் அது குடிப்பதை விடுவதில்லை. காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 6 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். காற்று 85 சதவீதத்துக்குப் போனால் இதுவும் 17, 18 வரை ஏற்றிக்கொள்ளும். ஏற்றிய தண்ணீர் மரத்தின் நுண்ணறைச் சுவர்களுக்குள் நுழைந்து அவற்றைத் தடிக்க வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மரம் நீளவாட்டில் அநேகமாக வளர்வதே இல்லை. அகலவாட்டில்தான் பெருக்கும். நாற்பது வயதுக்கு மேல் எனக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அது இங்கே தேவையில்லாத விஷயம்.

எங்கள் பால்கனியில் ஓர் ஊஞ்சல் தொங்குகிறது. பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரே பலகை, பழைய தேக்கு, கும்பகோணத்து வீட்டை விற்றபோது அம்மா விற்க மறுத்த ஒரே பொருள். மராட்டியர்களுக்கும் ஊஞ்சல் என்றால் உயிர். இந்தப் பலகை வந்த பிறகுதான் காகூ எங்களைக் குடும்பம் என்று ஒப்புக்கொண்டார். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. உப்புவதிலும் சுருங்குவதிலும் மிகவும் நிதானம். அந்த நிதானத்துக்கே, ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் பதினெட்டு அங்குலப் பலகை கால் அங்குலம் வரை அகலக்கூடும். தேக்குக்கே இந்தக் கதி என்றால், குளியலறைக் கதவுக்குக் கான்ட்ராக்டர் போட்ட பெயர் தெரியாத மரத்தைப் பற்றி என்ன சொல்ல?

இனி மிஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மிஸ்திரி கோரக்பூர்ப் பக்கத்து ஆள். தச்சு வேலையும் தெரியும், பாலிஷும் தெரியும், அரசியலும் தெரியும். ஜூலையில் கதவு இறுகியது என்று கூப்பிட்டால் தோளில் பையோடு வந்து, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "பஸ், ரந்தா மார்னா ஹை" என்பார். ரந்தா என்பது நம் இழைப்புளி. சர் சர்ரென்று பத்து நிமிடம். மரச்சுருள் தரையில் பூக்கும். கதவு வெண்ணெயாகத் திறக்கும். வீடே அவரைப் பாராட்டும், டீ கொடுக்கும், முன்னூறு ரூபாய் கொடுக்கும்.

மார்ச்சில் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விரல் போகும். அந்த வழியே பல்லி வருகிறது, குளியலறை வெளிச்சம் கூடத்துக்கு வருகிறது, உள்ளே பாடுபவரின் சுருதி சுத்தம் வெளியே வருகிறது. மறுபடி மிஸ்திரி. இடைவெளியை மறைக்க ஒரு மெல்லிய மரப்பட்டி அடிப்பார். ஐநூறு ரூபாய். ஜூலையில் அந்தப் பட்டியும் உப்பும். மறுபடி ரந்தா. இந்த ஏற்பாட்டில் யாருக்கு வருமானம் என்பது தெளிவு. இப்படியே போனால் என் பேரன் காலத்தில் அந்த நிலையில் கீல் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இதில் மிஸ்திரி சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அவர் இழைத்துத் தள்ளுவது மரத்தை மட்டும் இல்லை, அதன்மேல் இருந்த வார்னிஷையும்தான். இழைத்த ஓரம் பச்சை மரமாக, வாய் திறந்தபடி நிற்கிறது. போன வருடம் தயங்கித் தயங்கிக் குடித்த கதவு இந்த வருடம் குடம் குடமாகக் குடிக்கிறது. ஆகவே இந்த ஜூலையில் இழைத்த கதவு அடுத்த ஜூலையில் இன்னும் நன்றாக இறுகும். மழைக்காலத்தில் கதவை இழைப்பவர் அடுத்த மழைக்காலத்துக்கும் இப்போதே நேரம் குறித்துவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

அதனால் 2025-ஆம் வருடம், இழைப்பது இல்லை, வார்னிஷ் பூசுவது என்று குடும்பம் முடிவெடுத்தது.

வார்னிஷ் வாங்கப் போவது லேசான காரியமா? நிக்டி போகும் சாலையில் ஒரு பெயின்ட் கடை. "ஒரு டப்பா வார்னிஷ்" என்றேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உள்ளேயா, வெளியேயா? பளபளப்பா, மங்கலா? பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா? சாதா சிந்தெட்டிக் வார்னிஷா, என்.சி.யா, மெலமைனா, பி.யூ.வா? பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னிடம் இத்தனை கேட்கவில்லை. கேள்விக்கு நடுநடுவே கண்ணாடி வழியாக வெளியே எட்டி, நான் வந்த வண்டியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஸ்கூட்டர் என்று தெரிந்ததும் பி.யூ. டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார்.

அன்று தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். என்.சி. என்பது தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும் ரகம், அவசரக்காரர்களுக்கானது. மெலமைனும் பி.யூ.வும் பெரும்பாலும் இரண்டு டப்பாவாக வரும். கலந்த பிறகு இரண்டும் ரசாயனத்தில் பிணைந்து இறுகும், பிறகு பிரிக்க முடியாது. எண்ணெயில் காய்ச்சிய சாதா வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல மெல்லக் கெட்டிப்படும். அதற்குப் பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் பாட்டி ஒருத்தி இருக்கிறாள், அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரசு, குசும் மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரந்து வைக்கிற பிசின். அதைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தால் அதுதான் பிரெஞ்சு பாலிஷ். பூச்சி நம்முடையது, காடு நம்முடையது, பெயர் மட்டும் பிரான்சுக்காரனுடையது. தாத்தா காலத்து கிராமபோன் தட்டும் இதே அரக்கில் செய்ததுதான். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் இந்த அரக்கை ஆராய்வதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு நிலையம் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது.

அரக்கு என்றதும் நமக்கு நினைவு வருவது பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகை. துரியோதனன் சொல்லி, புரோசனன் முன்நின்று கட்டியது. அந்த புரோசனனைத்தான் நம் நாட்டின் முதல் இன்டீரியர் டெக்கரேட்டர் என்று சொல்ல வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள். கடைசியில் அவனும் அதே வீட்டிலேயே எரிந்து போனான் என்பதால், செய்த வேலைக்குப் பொறுப்பேற்ற ஒரே கான்ட்ராக்டரும் அவன்தான்.

ஈரத்தை ஓரளவு நன்றாகவே தடுக்கும் அரக்குக்குச் சூடு ஆகாது, சாராயமும் ஆகாது. எங்கள் காகூ வீட்டுச் சாப்பாட்டு மேசை அரக்கு பாலிஷ். அம்மா ஒருநாள் அங்கே போய், ஃபில்டர் காபி எப்படிப் போடுவது என்று விளக்கிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க டபராவை மேசையில் வைத்தாள். எடுத்தபோது வெள்ளையாக ஒரு வளையம். காகூ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒரு பூ ஜாடியை வைத்தார். அம்மா அங்கே போகும்போதெல்லாம் அந்த ஜாடியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பாள்.

அம்மாவுக்கு வார்னிஷ் மேலேயே நம்பிக்கை இல்லை. "எதுக்குடா டப்பா டப்பாவா வாங்கிண்டு? நம்ம ஆத்து நெலைக்கெல்லாம் வெளக்கெண்ணெய்தான். நூறு வருஷம் நின்னுது" என்றாள்.

"அந்த வீட்டுல தூசியும் நூறு வருஷமா நின்னுதும்மா" என்றேன்.

விஷயம் இதுதான். எல்லா எண்ணெயும் காயாது. எண்ணெய் காயுமா காயாதா என்பதற்கு அயோடின் எண் என்று ஒரு கணக்கு உண்டு. எண் உயர உயரக் காயும் குணம் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் பத்து. பிரளயம் வந்தாலும் காயாது. விளக்கெண்ணெய்க்கு எண்பது சொச்சம், நல்லெண்ணெய்க்கு நூறுக்குச் சற்று மேலே. இவற்றைத் தேய்த்தால் கதவு மினுமினுக்கும், தொட்டால் ஒட்டும், ஊர்ப் புழுதியெல்லாம் அதில் வந்து உட்காரும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். அதுதான் ஓவியர்களும் தச்சர்களும் தேடித் தேடி வாங்கிய எண்ணெய். பழைய வார்னிஷ்களுக்கெல்லாம் அடிப்படை.

காகூ இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் வீட்டுக்குள் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். ஜவஸ் சட்னி. மராட்டிய வீடுகளில் பாக்ரிக்குத் தொட்டுக்கொள்ள ஆளிவிதையை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பொடித்து வைத்திருப்பார்கள். "நாங்கள் கதவுக்குப் பூசுவதில்லை, சாப்பிட்டு விடுகிறோம்" என்றார் இந்தியில். அம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள். பருப்புப் பொடிக்குப் பக்கத்தில் வராது, ஆனால் கதவில் பூசுவதற்கு இது ரொம்ப நல்ல சாமான் என்பது அவள் தீர்ப்பு.

எண்ணெய்க் கட்சிக்கு அறிவியல் ஆதரவு குறைவுதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசனில் மர ஆராய்ச்சிக்கென்றே ஓர் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1985-இல் அங்கே 91 வகைப் பூச்சுகளை மரத்தில் பூசி, 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்துச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட ஆகுர்டியின் ஆகஸ்ட். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த மரம், ஒன்றுமே தேய்க்காத மரத்துக்குச் சமமாகத்தான் ஈரத்தைக் குடித்தது. எந்த வார்னிஷும் ஈரக்காற்றை முழுதாக நிறுத்தவில்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டது, அவ்வளவுதான். எத்தனை கோட் அதிகமோ அவ்வளவு தள்ளிப் போட்டது. முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கிய மரத்துக்கு. சாதாரண மெழுகுவர்த்தி மெழுகு!

இதைப் படித்துச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பை என்ன சொல்ல. கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியின் கடைசித் துண்டுகளையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து, இழுப்பறை இறுகினால் அதன் ஓரத்தில் தேய்ப்பது அவள் வழக்கம். கதவையே உருக்கிய மெழுகில் முக்க அண்டாவுக்கு எங்கே போவது என்று மட்டும் அமெரிக்காக்காரர்கள் சொல்லவில்லை.

ஆக, வார்னிஷ்தான். மிஸ்திரியைக் கூப்பிட்டோம். ஏப்ரல் மாதம். "பால்கி ஆனே சே பஹ்லே ஹோ ஜாயேகா, சாப்" என்றார்.

பால்கி என்றால் துக்காராம் மகராஜ் பல்லக்கு. தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குப் போகிறது. கிளம்பிய மறுநாள் இரவு தங்குவது எங்கள் ஆகுர்டி விட்டல் கோயிலில்தான். ஆயிரக்கணக்கான வார்கரி பக்தர்கள் தாளமும் மிருதங்கமுமாக வருவார்கள். ஊரே அன்று சமையல்கட்டாகிவிடும். ஆகுர்டியில் எந்த வேலைக்கும் அதுதான் கெடு. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, சாலைக் குழி மூடுவது, கடன் திருப்புவது எல்லாம் பால்கிக்கு முன்னால். ஆனால் இந்தக் கெடுவில் ஒரு தந்திரம் இருக்கிறது. பால்கி நடப்பது சந்திரமானக் கணக்கில். 2024-இல் ஜூன் 29 அன்று ஆகுர்டிக்கு வந்தது. 2025-இல் ஜூன் 19. ஒவ்வொரு வருடமும் நழுவும் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு ஒரு மிஸ்திரி வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கு எவ்வளவு உறுதியாக இருக்கும்?

எனக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில் அன்றுதான் ஓய்வு. பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவதும் பெரும்பாலும் அன்றுதான். மிஸ்திரி வியாழனன்று மின்சார உரசல் மெஷினோடு வருவார். பிளக்கைச் செருகுவார். கரண்ட் இருக்காது. "லைட் நஹீன் ஹை, சாப்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மகாராஷ்டிர அரசியலை அலசுவார். உப்புத்தாளைக் கையால் தேய்த்தால் ஆகாதா என்று கேட்டால், கையால் தேய்த்தால் ஃபினிஷிங் வராது என்பார். அவர் தகப்பனார் காலத்தில் இந்தியா முழுக்கக் கையால்தான் தேய்த்தார்கள் என்று என் மனைவி எடுத்துச் சொன்னாள். அதனால்தான் அவர் கிராமத்தில் ஒரு கதவும் சரியாக மூடாது என்றார்.

இதற்கிடையில் மழைக்கு அவசரம். 2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 26-ஆம் தேதியே மும்பைக்கும் புனேக்கும் வந்துவிட்டது. மும்பையில் அவ்வளவு சீக்கிரம் மழை தொடங்கியது முக்கால் நூற்றாண்டில் இல்லை என்றார்கள். துக்காராம் மகராஜ் இன்னும் தேஹுவிலேயே இருக்கிறார். மழை ஆகுர்டியில் நிற்கிறது. மிஸ்திரி அன்றுதான் முழு மூச்சாக வேலையில் இறங்கினார். வாக்கு வாக்குதான், பால்கிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது அவர் வாதம். வேண்டாம், மழை விடட்டும் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, "குச் நஹீன் ஹோதா", ஒன்றும் ஆகாது என்று அடுக்களைக் கதவில் மெலமைனை அடித்துவிட்டார்.

சாயங்காலம் பார்த்தால் கதவு விபூதி பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

அம்மா அதைத் தெய்வச் செயல் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நடந்தது வேறு. பூச்சில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிரம்பி வழிகிறது. குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் அது பனித்துளியாகப் படிந்து பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஈரம் உள்ளே போகக் கூடாது என்று பூசிய பூச்சு, ஈரத்தை உள்ளே வைத்தே மூடி சீல் வைத்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் 80, 85-ஐத் தாண்டினால் இந்த வேலையைத் தொடவே கூடாது என்று பெயின்ட் டப்பாக்காரர்கள் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து அடித்தால் ஓரளவு தப்பலாம். சில சமயம் வெயில் வந்ததும் வெளுப்பு தானே போய்விடும். போகவில்லை என்றால் உரசிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். வெயில் வரவில்லை. பால்கி வந்தது. வார்கரிகளுக்கு மோர் கொடுத்த கையோடு மிஸ்திரியும் ஊருக்குப் போய்விட்டார்.

ஐந்து மாதம் அடுக்களைக் கதவு சைவப் பழமாக நின்றது.

ஊஞ்சல் பலகைக்கு வேறு பிரச்சினை. பால்கனியில் பாதி நாள் வெயில், பாதி வருடம் சாரல். பளபளவென்று சாதா வார்னிஷ் அடித்தால் முதல் வருடம் கல்யாண மாப்பிள்ளை, இரண்டாம் வருடம் தோல் உரியும். வார்னிஷ் கண்ணாடி போல ஒளியை விடும் என்பதால் சூரியனின் புற ஊதாக் கதிர் அதைத் தாண்டிப் போய், மர இழைகளை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பசையைச் சிதைத்துவிடுகிறது. பூச்சு கெடாவிட்டாலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் தரை இடிந்துவிடுகிறது. பாய்மரக் கப்பல்காரர்கள் காற்றில் வளையும் தங்கள் மரக்கம்பங்களுக்கென்று, கூடவே வளைந்து கொடுக்கும் தனி வார்னிஷ் ஒன்றை வைத்திருந்தார்கள். இப்போது வருவதில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சரக்கும் சேர்க்கிறார்கள். அதையும் வருடாவருடம் உரசி மேலே ஒரு கோட் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்பவர்கள் தேக்கை அப்படியே விட்டுவிடலாம்; சாம்பல் நிறமாகும், ஆனால் சீக்கிரம் சாகாது. பெரிய கப்பல்களின் தேக்குத் தளங்கள் அப்படித்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இதை வாக்கெடுப்புக்கு விட்டோம். அம்மா விளக்கெண்ணெய்க்கு வாக்களித்தாள். பலகை அவளுடையது என்பதால் அதற்குள் யாரும் போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் ஒரு பழுப்புப் பட்டை விழுகிறது, பரவாயில்லை.

தீபாவளி முடிந்த பிறகு மிஸ்திரி திரும்பி வந்தார். காற்று நிதானமாக இருந்தது. மரமும் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரு நடுத்தர நிலைக்கு வந்திருந்தது. பூசுவதற்கு ஆகுர்டியில் அதைவிட நல்ல காலம் இல்லை. பழைய பூச்சை உரசினார், சீலர் அடித்தார், காயவிட்டு மெல்லிய உப்புத்தாள் போட்டார், துடைத்தார், பூசினார், மறுபடி உரசிப் பூசினார். உள்பக்கம் போலவே வெளிப்பக்கத்துக்கும் அதே கோட். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் தனியாக உப்பி, கதவு வளைந்துவிடும். வியாழன்தான், ஆனால் கரண்ட் இருந்தது. அதிசயம்தான்.

வேலை முடிந்தது என்று அவர் கையைத் துடைத்தபோது என் மனைவி உள்ளேயிருந்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியோடு வந்தாள். குளியலறைக் கதவுக்குக் கீழே அதைத் தரையில் நகர்த்தினாள். கண்ணாடியில் கதவின் அடிப்பக்கம் தெரிந்தது. பச்சை மரம். கட்டடம் கட்டிய நாள் முதல் ஒரு சொட்டு வார்னிஷைப் பார்க்காத மரம். முக்காலியில் ஏறிப் பார்த்தால் மேல் விளிம்பும் அப்படியே.

"நீசே கோன் தேக்தா ஹை, பாபி?" என்றார் மிஸ்திரி. கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

"தண்ணி பார்க்கும்" என்றாள் அவள், தமிழிலேயே.

இந்த இடத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மரத்தின் இழைகள் குழாய்களாக ஓடுபவை. பலகையின் முகத்தில் அந்தக் குழாய்கள் படுத்திருக்கும். வெட்டு முனையில் வாய் திறந்து நிற்கும். முகத்தைவிட வெட்டு முனை தண்ணீரைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். கதவின் பக்கச் சட்டங்களுடைய வெட்டு முனைகள் சரியாக மேலேயும் கீழேயும்தான் வருகின்றன. கீழே குளியலறைத் தண்ணீர் தேங்குகிறது, மேலே வெந்நீர் ஆவி ஏறுகிறது. நாம் கதவின் இரண்டு முகத்துக்கும் நாலு கோட் பளபளப்பு கொடுத்துவிட்டு, அது குடிக்கும் வாயைத் திறந்தே வைத்திருக்கிறோம். அதைப் பூச வேண்டுமென்றால் கீலைக் கழற்றிக் கதவைப் படுக்கப் போட வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும், இரண்டு ஆள் வேண்டும், அரை நாள் கூடுதல் ஆகும். அதனால் நம் நாட்டில் பெரும்பாலான கதவுகள் அடியில் அம்மணமாகவே நிற்கின்றன.

மிஸ்திரி ஊரில் வேலை இருக்கிறது என்றார், முதுகு வலி என்றார், இப்படி ஒரு வீட்டிலும் கேட்டதில்லை என்றார். மனைவி கண்ணாடியை எடுக்கவில்லை. கடைசியில் கதவுகள் இறங்கின. விளிம்புகளுக்கு முகத்துக்குக் கொடுத்ததைவிட ஒரு கோட் அதிகமாகவே ஊற்றிப் பூசினார். அதற்குள் செய்தி பரவி, காகூ தன் வீட்டிலிருந்து கை விளக்கோடு கதவடியில் படுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாடியில் எல்லா வீட்டிலும் கண்ணாடி தரையில் ஊர்ந்தது. ஒரு வீட்டுக் கதவும் தேறவில்லை. மிஸ்திரிக்கு அந்த மாதம் எங்கள் மாடியிலேயே வேலை. முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

ஆகுர்டியில் மட்டும் இல்லை, மரக்கதவு வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். வார்னிஷ் வேலையைத் தீபாவளிக்கும் ஹோலிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் கதவு இறுகினால் இழைக்காதீர்கள். இரண்டு மாதம் தோளால் இடித்துத் திறந்துகொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது தன் சூட்டிலேயே தீப்பிடித்துக்கொள்ளும், விரித்துக் காயப்போட்டு எறியுங்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றாமலே பூசித் தருகிறேன் என்று சொல்லும் ஆளுக்கு மட்டும் தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள்.